அம்மா விழவில்லையாம்

இயேசு மரி சூசை துணை

ஸ்கந்தபுரம்
18.03.2001

அன்புள்ள மகள் கலிஸ்ராவுக்கும் மருமகனுக்கும் பேரன் டினோஜனுக்கும் அம்மா எழுதிக்கொள்வது. நானும் தம்பி றெஜியும் ஆண்டவர் அளந்து தந்த சுகத்தோடு இருக்கிறோம், உங்கள் மூவரையும் அந்தக் குளிர் நாட்டில் தடிமன் காய்ச்சல் அண்டாமல் வைத்திருக்கும்படி செபமாலை சொல்லும்போதெல்லாம் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். நீ அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. டினோஜன் நன்றாக உயர்ந்துவிட்டான், ஆனால் காது மூடுகிற தொப்பி போடாமல் பனிக்குள் நிற்கிறான், அதைக் கவனி. எழுத்து வேறாக இருக்கிறதே என்று யோசிக்காதே, என் விரலில் சின்னக் கொப்புளம் ஒன்று, அதனால் தம்பியைக் கொண்டு எழுதுவிக்கிறேன். மற்றப்படி இங்கே ஒரு கரைச்சலும் இல்லை.

அக்கா, இதுவரை வந்தது அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. இனி வருவது முழுக்க என்னுடையது. அம்மா ஒற்றைக் கையால் புட்டுக்கு மாக் குழைக்க எழும்பிப் போய்விட்டார், நான் குழைத்தால் கல்லுப் போல வருமாம். விரலில் கொப்புளம் ஒன்றும் இல்லை. வலது மணிக்கட்டு முறிந்திருக்கிறது. போன மாதம் பின்வளவுக் கக்கூசுக்குப் போகிற வழியில் விழுந்து, கையை ஊன்றி, முறித்துக்கொண்டார். கண்ணாடியும் உடைந்தது, அதனால் நான் எழுதுவதை அவரால் வாசிக்க முடியாது, அந்த ஒரு வசதியை வைத்துத்தான் உண்மையை எழுதுகிறேன். முறிவுக்குக் கட்டுப்போடுகிற பரியாரியாரிடம் கொண்டுபோய் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருக்கிறது, எலும்பு பொருந்தி வருகிறது என்கிறார். நோகுதோ என்று கேட்டால் தவசு காலத்து நோவு, ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டேன் என்கிறார். நீங்கள் இந்த இடத்தில் கடிதத்தை வைத்துவிட்டு அழ வேண்டாம். முழுக்க வாசியுங்கள், உங்களால் ஆகவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது, அது காசு அனுப்புவது இல்லை.

நாங்கள் இப்போது இருக்கிற வீட்டை நீங்கள் பார்க்கவில்லை, ஆகவே சொல்கிறேன். முல்லைத்தீவுக் கரையில் இருந்த வீட்டை மனதில் வைக்க வேண்டாம், அங்கே எல்லாம் மணல், வெறிகாரன் புரண்டாலும் நோகாது. இது களிமண் நிலம். வெள்ளம் ஏறக்கூடாது என்று அத்திவாரத்தை உயர்த்திக் கட்டியவர்கள் பின்கதவில் படி வைக்க மறந்துவிட்டார்கள், ஒரு கல்லைப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள், மிதித்தால் ஆடும். அதால் இறங்கினால் கிணற்றடி. வாளித் தண்ணீர் சிந்திச் சிந்தி அந்த இடம் கோடையிலும் காய்வதில்லை. அதற்கு அங்கால் ஒரு தேசி மரம், பிறகு வெறும் வெளி, பிறகு கக்கூசு. உள்ளே குந்தினால் எழும்பப் பிடிக்க ஒன்றும் இல்லை, கதவைப் பிடித்துத்தான் எழும்புகிறார், கதவு தகரம், ஒரு பிணைச்சலில் தொங்குகிறது. குளக்கட்டு எங்கே கசியும் என்று பார்த்துச் சொல்லத்தான் நீர்ப்பாசனத்தில் எனக்குச் சம்பளம் தருகிறார்கள், என் தாய் எங்கே விழுவார் என்று சொல்ல எனக்குத் தெரியாதா. பின்கதவில் ஒழுங்கான படி வேண்டும். அங்கிருந்து கக்கூசு வரை சொரசொரப்பான சீமெந்துப் பாதை வேண்டும், பாதையோரம் இடுப்பளவில் ஒரு கைபிடி, உள்ளே சுவரில் இன்னொன்று. பழுதாய்ப்போன குழாய்க்கிணறு ஒன்றின் குழாய்களைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன், கைபிடிக்கு அவை போதும். இல்லாதது சீமெந்து.

போன கடிதத்தில் நீங்கள் எழுதியிருந்தீர்கள், காசு அனுப்புகிறேன்தானே, ஒரு மேசனைப் பிடித்து வீட்டைத் திருத்துவிக்க உனக்கு என்ன பஞ்சி என்று. அக்கா, காசைக் குழைத்துப் பூச முடியாது. ஓமந்தைக்கு அந்தப் பக்கம் கடை கடையாகச் சீமெந்து அடுக்கிக் கிடக்கிறது, இந்தப் பக்கம் ஒரு பை கொண்டுவர ஆமிக்காரர் விடமாட்டார்கள், அது இன்று நேற்றுச் சட்டம் இல்லை, உங்களுக்கு அங்கே இருந்து மறந்துபோய்விட்டது. மரக் கட்டை நட்டுப் பார்த்தாயிற்று. மாரியில் களி இளகிக் கட்டை சாய்கிறது, கோடையில் மிச்சத்தைக் கறையான் தின்கிறது. சீமெந்து இல்லாமல் இந்த மண்ணில் நட்டது எதுவும் ஒரு ஆளின் பாரத்தைத் தாங்காது, இதை நான் விளங்கப்படுத்தினால் அம்மா, அப்ப நான் பாரம் குறையிறன், இரவுச் சாப்பாட்டை விடுறன் என்கிறார்.

கடைசியில் ஒரு வழி வந்தது. முதியோருக்கு என்று வேலை செய்கிற ஒரு தொண்டு நிறுவனம், வயதான ஆட்கள் வீட்டுக்குள் விழாமல் இருக்கப் படி, பாதை, கைபிடி கட்ட உதவி கொடுக்கிறது. மேசன் கூலியும் அவர்களுடையது, சீமெந்தும் அனுமதி எடுத்து அவர்களே கொண்டுவருகிறார்கள். வருவது கொஞ்சம், ஆகவே எல்லோருக்கும் இல்லை, வீடு வீடாக வந்து விசாரித்து, உண்மையில் விழுகிற ஆளைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறார்கள். நல்ல முறை, எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் விண்ணப்பம் போட்டேன். கிணற்றடி, பாதை, கக்கூசு எல்லாவற்றையும் நாடா பிடித்து அளந்து வரைபடமும் கீறி இணைத்தேன். அது அம்மாவுக்குத் தெரியவந்த அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. நான் குந்துற இடத்தைப் படம் கீறி ஊருக்குக் காட்டிறியோடா, இதுக்கோ உன்னைப் படிப்பிச்சனாங்கள் என்று கேட்டார். பக்கவாட்டுப் படம் மட்டும்தான், அதில் ஆளைக் கீறவில்லை என்று சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு கிழமை என்னோடு கதையில்லை, சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு மாதா சுரூபத்தைப் பார்த்து, சாப்பிடச் சொல்லுங்கோ என்பார்.

விசாரிக்க வருகிறவர் நிதர்சனா மிஸ், வவுனியாப் பிள்ளை, என் வயதுதான் இருக்கும். சொன்ன நாளுக்கு முதல் நாளே வந்துவிட்டார், நான் குளத்து வேலையில் நின்றேன். நடந்ததை எல்லாம் பக்கத்து வளவு விமலேஸ்வரி அக்கா சொல்லித்தான் அறிந்தேன், அவரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. படலையில் வாகனம் நிற்கிற சத்தம் கேட்டவுடன் அம்மா ஊன்றுகோலைத் தூக்கி வேலிக்கு அங்கால் எறிந்திருக்கிறார், அது விமலேஸ்வரி அக்காவின் கோழிக்கூட்டில் போய் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு ஓடிவந்த மனிசியிடம், உங்கட நல்ல கதிரை ரெண்டைத் தாங்கோ, ஒரு ஆள் வருகுது, எங்கட கதிரையில இருந்தால் என்ன நினைக்கும் என்றாராம். கட்டுப்போட்ட கையைச் சேலைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டார். மிஸ் வந்து இருந்து, கைக்கு என்னம்மா என்று கேட்டதற்கு, சுடுதண்ணி பட்டது பிள்ளை. வீட்டில என்ன கரைச்சல் இருக்குது என்று கேட்டதற்கு, எங்களுக்கென்ன கரைச்சல், மூத்தவள் பிரான்சில, இளையவன் கவுண்மேந்து உத்தியோகத்தில, ஆண்டவர் ஒண்டுக்கும் குறை வைக்கேல்லை. பிறகு, இருங்கோ தேத்தண்ணி ஊத்திறன் என்று எழும்பி, கோலும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல், தட்டை இடது கையில் ஏந்திக்கொண்டு குசினியிலிருந்து விறாந்தைக்கு நடந்திருக்கிறார். கலியாண வீட்டில பந்திக்கு நிக்கிற மாதிரி நடந்தவா தம்பி, தட்டு ஆடேல்லை, நான்தான் கண்ணை மூடிக்கொண்டன் என்கிறார் விமலேஸ்வரி அக்கா.

வீட்டுக்கு ஒரு ஆள் வந்து குறை என்ன என்று கேட்டால் இல்லை என்று சொல்வதுதான் எங்கள் ஆட்களின் மரியாதை, அது எனக்குத் தெரியும். அதை மிஸ்ஸும் அறிந்திருப்பார், எத்தனை வீடு பார்த்திருப்பார். அது மட்டும் என்றால் சமாளித்திருக்கலாம். பிறகுதான் மிஸ் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறார், அம்மா, இந்த வருசத்துக்குள்ள நீங்கள் எங்கையும் விழுந்தனீங்களோ என்று. அம்மாவின் முகம் மாறிவிட்டதாம். இல்லைப் பிள்ளை, நான் விழேல்லை, எங்கட வீட்டில ஒராள்தான் விழுந்தவர் என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தாராம். மிஸ் குரலைத் தாழ்த்தி, வீட்டில வேற ஆர் இருக்கினம் என்று கேட்க, மகன் ஒருத்தன்தான் என்றாராம். அந்த நேரம் விமலேஸ்வரி அக்கா கோப்பை கழுவக் குசினிக்குள் போயிருந்தார், இல்லாவிட்டால் திருத்தியிருப்பார் என்று சொல்கிறார், எனக்கு அதிலும் நம்பிக்கை இல்லை.

பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்குப் போனேன். மிஸ் என்னைக் கண்டவுடன் எழும்பி, தானே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, பாத்து இருங்கோ, மெல்ல இருங்கோ என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இப்ப நோ குறைஞ்சிட்டுதோ என்று கேட்டார். ஆருக்கு என்றேன். உங்களுக்குத்தான், நீங்கள் விழுந்ததைச் சொல்லி அம்மா அழுதவா, பாவம், ஆனால் எங்கட உதவி அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆக்களுக்குத்தான், உங்களுக்குத் தர வழியில்லை, அம்மா நல்ல சுகமாய் ஓடியாடித் திரியிறா என்றார். அக்கா, நான் குளக்கட்டில் காலையிலிருந்து பின்னேரம் வரை ஏறி இறங்குகிறவன். அந்தக் கந்தோரில் இருந்த எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். எங்களுக்கு என்று வந்திருக்க வேண்டிய சீமெந்து நல்லதம்பி வீட்டுக்குப் போய்விட்டது. அவர், சந்தியில் தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால் இருக்கிற கிழவர், தான் எத்தனை தரம் விழுந்தேன் என்று கேட்கிறவனுக்கும் கேட்காதவனுக்கும் சொல்கிறவர், சொல்லும்தோறும் ஒரு விழுகை கூடும். அவர் வீட்டில் இப்போது படியும் கைபிடியும் வடிவாய் நிற்கின்றன. அம்மா அதைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார், அவர்களின் கக்கூசுக்குள் போய்க் கன நேரம் நின்றுவிட்டு வந்து, கம்பி நல்ல உறுதிதான், ஆனால் அந்தாளுக்கு வெக்கம் இல்லை என்றார்.

வீட்டுக்கு வந்து நான் சத்தம் போட்டது உண்மை. ஏன் பொய் சொன்னீங்கள் என்று கேட்டேன். நான் பொய் சொல்லேல்லை என்றார். அப்ப இந்தக் கை என்ன என்றேன். கால் வழுக்கினது, நான் நிலத்தில இருந்திட்டன், கை கீழ அகப்பட்டது என்றார். இருந்திட்டன், அவ்வளவுதான், விழேல்லை. பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. நீங்கள் அப்பா போவதற்கு முதலே பிரான்சுக்குப் போய்விட்டீர்கள், இங்கே நடந்தது உங்களுக்குக் கடிதத்தில்தான் தெரியும். எங்கள் கரையில் கடலுக்குப் போன ஒருவரின் உடல் கரைக்கு வராவிட்டால் செத்தவர் என்று சொல்லமாட்டார்கள், விழுந்தவர் என்பார்கள். அப்பாவையும், அல்பேட் அண்ணை விழுந்திட்டார் என்றுதான் அன்று காலை கரையிலிருந்து ஓடிவந்தவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்தச் சொல் அம்மாவின் வாயில் வேறெதற்கும் வந்ததில்லை, இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நான் அதைக் கவனிக்கவில்லை. தேங்காய் இறங்கும், கோப்பை கை தவறும், சுவர் சரியும், மழை பெய்யும். எதுவும் விழாது. அவருக்கு அந்தச் சொல் ஒரு ஆளுக்கு உரியது. மிஸ் கேட்டதற்கு அவர் சொன்னது, அவர் அறிந்தவரை, சுத்த உண்மை.

எனக்கு இது விளங்குகிறது. சீமெந்துக்கு விளங்காது. இந்த முறை மணிக்கட்டு. அடுத்த முறை இடுப்பு என்றால் இங்கே ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியாது, பயணப் பாஸ் எடுத்து, வாகனம் பிடித்து, சோதனைத் தடைக்குத் தடை இறக்கி ஏற்றி வவுனியாவுக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கள் ஒழுங்கையில் சிற்றம்பலம் ஐயாவின் மனைவி இடுப்பு முறிந்து பாஸ் வருவதற்குள் படுக்கையிலேயே போய்விட்டார், செத்தவீட்டுக்கு அம்மாவும்தான் போனார், போய்விட்டு வந்து, அவா கவனமில்லாத மனிசி என்றார். வருகிற மாரி தொடங்குவதற்கு முதல் பாதையும் கைபிடியும் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் நான் வேலைக்குப் போகாமல் பின்வளவில் காவல் இருக்க வேண்டும், அதற்கும் அம்மா விடமாட்டார், கக்கூசுக்குப் போகும்போது வீட்டில் ஒரு ஆண் நிற்பதே கரைச்சல் என்பார்.

மிஸ்ஸைக் கெஞ்சி இன்னொரு தரம் வரச் சொல்லியிருக்கிறேன், வருகிறேன் என்றிருக்கிறார். ஆனால் வயதானவர் தன் வாயால் சொல்ல வேண்டும், பிள்ளைகள் சொல்வதைக் கணக்கில் எடுக்கமாட்டார்களாம். இங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். அம்மா என்னிடம் சொன்ன காரணம் இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டில பிள்ளையை வைச்சுக்கொண்டு தாய் கைநீட்டினாள் எண்டு உன்னை ஒருத்தரும் சொல்லாயினம், கலிஸ்ராவைத்தான் சொல்லுவினம் என்றார். ஆகவே நீங்கள் எழுதுங்கள், எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை, உள்ளதைச் சொல்லுங்கோ அம்மா என்று எழுதுங்கள். நான் சொன்னால் அது இளையவனின் வாய். நீங்கள் எழுதினால் செபப் புத்தகத்துக்குள் வைத்து, என்னைக் கொண்டு திரும்பத் திரும்ப வாசிப்பிப்பார். அதோடு, நீங்கள் போன முறை அனுப்பிய அந்தப் பூப்போட்ட செருப்பைப் போல இனி அனுப்ப வேண்டாம். அடி வழவழவென்று இருக்கிறது. ஈரக் களியில் அதைப் போட்டு நடப்பதும் எண்ணெய் பூசி நடப்பதும் ஒன்று. மகள் அனுப்பினது என்று அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறார்.

02.04.2001

இந்தக் கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வவுனியாவில் தபாலில் போடக் கொண்டுபோகிறேன் என்ற ராசு அண்ணையின் லொறி, பாதை பூட்டினபடியால் போகவில்லை. ஆகவே நீங்கள் எழுத வேண்டியது எதுவும் வந்து சேருவதற்கு முதல் மிஸ் வந்து போய்விட்டார். நடந்ததை எழுதிவிடுகிறேன், கடிதத்தைத் திரும்ப எழுத எனக்குப் பொறுமை இல்லை, மேலே உள்ளதையும் சேர்த்தே வாசியுங்கள்.

இடையில் ஒரு நாள் கைபிடியின் உயரம் பார்க்க அம்மாவுக்குப் பின்னால் நாடாவோடு நடந்தேன். கையை எந்த அளவில வைக்கிறனீங்கள், இதில எதைப் பிடிக்கிறனீங்கள் என்று கேட்டேன், வேலைக்காகத்தான் கேட்டேன். ஒரு சண்டையும் இல்லாமல் சொன்னார், கிணத்தடித் தண்ணிப் பீப்பா விளிம்பைப் பிடிக்கிறனான், அதில துரு இருக்கு, கை கவனம் என்றார். அங்கேயே நாடாவைச் சுருட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்து மிஸ்ஸிடம் போனேன். நீங்கள் கேட்கிற கேள்வி பிழை என்று சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை, கேள்வி கொழும்பிலிருந்து வந்தது என்றார். எங்கேயிருந்து வந்தாலும் எங்கள் கரைப் பெண்களிடம் அந்தச் சொல்லைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள், விழுந்தனீங்களோ என்று கேட்காதேங்கோ, எதைப் பிடிக்கிறனீங்கள் என்று கேளுங்கோ என்றேன். காரணத்தைச் சொன்னவுடன் படிவத்தை எடுத்து அந்தக் கேள்வியைத் திரும்ப வாசித்துப் பார்த்தார். பிறகு, நான் வாறன், ஆனால் நீங்கள் வாய் திறக்கக்கூடாது என்றார்.

வந்தார். இந்த முறை ஊன்றுகோலை நான் முதலே எடுத்து அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன், எறியாமல் இருக்க. தேத்தண்ணிக்கு எழும்பின அம்மாவை மிஸ் விடவில்லை. அம்மா, காலமை கட்டிலால எழும்பினால் எதைப் பிடிச்சுக்கொண்டு பின்வளவுக்குப் போவீங்கள், எனக்கு ஒருக்கால் காட்டுங்கோ என்றார். அம்மா என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். பிறகு வீடு பார்க்க வந்த ஆளுக்கு வீட்டைக் காட்டுகிற மாதிரித் தொடங்கினார். இது கட்டில் கால், இது ஆடாது. இது அலுமாரி மூலை. குசினிக் கதவு நிலையை இந்தப் பக்கம் பிடிக்க வேணும், மற்றப் பக்கம் உக்கிப்போச்சு. இறங்கேக்குள்ள கதவைப் பிடிக்கக்கூடாது, அது ஆளோட சேர்ந்து வரும், கூரையைத் தாங்கிற இந்தக் கப்பைக் கட்டிப்பிடிச்சு இறங்கினால் சரி. பீப்பா. கிணத்துக் கட்டு. பிறகு இந்தத் தேசிக் கொப்பு. நான் பின்னால் நடந்தேன். அந்தக் கொப்பில் ஓரிடத்தில் பட்டை இல்லை, கை பட்டுப் பட்டு மேசைக் கால் மாதிரி வழுவழுத்துப் போயிருக்கிறது. எத்தனை தரம் அதன் கீழ் நின்று தேசிக்காய் ஆய்ந்திருப்பேன், கண்டதில்லை.

அதிலிருந்து கக்கூசுக் கதவு வரை ஒன்றும் இல்லை, வெறும் வெளி, ஈரம். அம்மா கொப்பை விடாமல் நின்றார். இதில எதைப் பிடிப்பீங்கள் அம்மா என்று மிஸ் கேட்டார். இதில மாதாவைத்தான் பிடிக்கிறது பிள்ளை, ஒரு அருள்நிறைந்த மந்திரம் தொடங்கினால் அது முடிய அங்கால போயிடலாம் என்று சிரித்தார். சிரித்துக்கொண்டு கொப்பை விட்டு, அடுத்த அடி வைக்க, யோசிக்காமலே மிஸ்ஸின் கையைப் பிடித்துவிட்டார். நல்ல கை, இடது கை, முழுப் பாரத்தையும் கொடுத்துப் பிடித்தார், மிஸ் ஒரு பக்கம் சரிந்தே போனார். அது அந்தப் பிள்ளையின் எழுதுகிற கை. கதவு வரும் வரை மிஸ் ஒன்றும் எழுதவில்லை. விட்ட பிறகு மணிக்கட்டைத் தடவிக்கொண்டு என்னிடம், உங்கட படத்தில இந்த மரத்தைக் காணேல்லை என்றார். மரம் கட்டுமான வேலைக்குள் வராது, நான் கீறவில்லை. கீறித் தாங்கோ, அதிலயிருந்து கம்பி தொடங்கட்டும் என்றார். பெரிய திருநாள் கழிந்து மேசனும் சீமெந்தும் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சந்தோசப்படாதேங்கோ, இனித்தான் கரைச்சல் தொடங்கியிருக்கிறது. அம்மா சம்மதித்துவிட்டார், ஆனால் அது கைபிடி இல்லையாம், உடுப்புக் காயப்போடுகிற கம்பியாம், விமலேஸ்வரி அக்காவுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறார். உடுப்புக் காயப்போடுகிற கம்பி என்றால் தலை உயரத்தில் இருக்க வேண்டுமாம், இடுப்பளவில் போட்டால் சேலை நிலத்தில் இழுபடும், பார்க்கிற சனம் சிரிக்கும் என்கிறார். தலைக்கு மேலே போட்டால் எப்படிப் பிடிப்பீங்கள் என்றால், எக்கிப் பிடிக்கிறேன் என்கிறார். இடுப்பளவில் போட்டுக் கம்பி முழுக்க ஈர உடுப்பு விரித்தால் பிடிக்க இடம் எங்கே என்றால், உடுப்பையும் சேர்த்துப் பிடிக்கிறன், உனக்கென்ன என்கிறார். நேற்றிலிருந்து இதுதான் கதை. இரண்டு கம்பி போடுவதாக முடிவு, மேலே ஒன்று ஊருக்கு, கீழே ஒன்று அவருக்கு. இரண்டுக்கும் குழாய் போதுமோ தெரியவில்லை. இப்போது வந்து பக்கத்தில் இருந்துவிட்டார், மிச்சம் தான் சொல்ல வேண்டுமாம், நான் எழுதுவதை நிற்பாட்ட வேண்டுமாம்.

மகள், தம்பி என்னவோ பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறான், பாதியை விட்டுவிடு, அவனுக்குச் சின்னனிலிருந்து வாய் கூட, மனம் வெள்ளை. பின்வளவில் உடுப்புக் காயப்போட உறுதியான கம்பி போடுகிறோம், அங்கே நம் ஊர் ஆட்கள் கேட்டால் அதைச் சொல்லு, வேறு கதை வேண்டாம். செருப்பு நல்ல செருப்புத்தான், அவன் சொல்கிறதைக் கேட்டு நிற்பாட்டிப் போடாதே, கோயிலுக்குப் போட வைத்திருக்கிறேன். பெரிய வெள்ளிக்கு ஒருசந்தி பிடிக்க மறக்காதே, டினோஜன் சின்னப் பிள்ளை, அவனுக்கு வேண்டாம், பால் கொடு. உங்கள் வீட்டு வாசலில் பனி உறைந்து படி கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது என்று முந்தி எழுதியிருந்தாய். வேலைக்குப் போகிற அவசரத்தில் ஓடாதே பிள்ளை. எதையாவது பிடித்துக்கொண்டு இறங்கு. பிடிக்க ஒன்றும் இல்லாவிட்டால் மருமகனைக் கூப்பிடு, வெட்கப்படாதே.

ஆண்டவருடைய கை உங்கள் மூவரின் தலையிலும் எப்போதும் இருக்கட்டும்.

உன் அன்பு அம்மா,
அல்பேட் ஞானமலர்
(பெயர் மட்டும் அம்மா இடது கையால் எழுதியது, மற்றதெல்லாம் றெஜி)